சர்நேம் கட்டத்தில் என்ன எழுதுவது? இனிஷியலோடு வளர்ந்தவர்களுக்கு

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்பறையில் உட்கார்ந்திருந்தேன். செவிலியர் கதவைத் திறந்து "மிஸ்டர் குப்புசாமி" என்று மூன்று முறை கூப்பிட்டார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. குப்புசாமி என் அப்பா. அந்நேரம் அவர் திருச்செங்கோட்டில் தூங்கிக்கொண்டிருப்பார். என் முறை போய், இன்னும் அரை மணி நேரம் காத்திருந்த பிறகுதான் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தேன். அதில் பெரிய எழுத்தில் இருந்தது அப்பாவின் பெயர்.

இது என் பெயரைச் 'சரிசெய்த' பிறகு நடந்தது. அதற்கு முந்தைய நிலை இதைவிட மோசம். கல்லூரி நாட்களில் ஊரில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். அங்கிருந்தவர் சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டு, கிவன் நேம் கட்டத்தில் 'சரவணன்' என்று மட்டும் தட்டிவிட்டார். இனிஷியலைப் பாஸ்போர்ட் ஏற்காது, ஆகவே 'கே' போனது. விளைவு, அமெரிக்க விசாவில் என் சர்நேம் சரவணன். முதல் பெயர் 'எஃப்என்யூ'. முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு, அலுவலக அட்டை எல்லாவற்றிலும் நான் எஃப்என்யூ. அலுவலகத்தில் ஒருவர் அதை 'ஃப்னு' என்று உச்சரித்து, அழகான பெயர் என்று பாராட்டவும் செய்தார்.

இதைச் சரிசெய்ய எனக்குப் பதினொரு மாதம் ஆனது. ஒழுங்கான வரிசையில் செய்திருந்தால் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

1. முதலில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சர்நேம் என்பதில் வரும் 'சர்', மரியாதைக்குச் சொல்லும் 'சார்' அல்ல. அப்பாவைக் குறிக்கும் சொல்லும் அல்ல, பலர் அப்படி நினைத்தாலும். பிரெஞ்சு வழியாக வந்த இந்தச் 'சர்'ருக்கு 'மேல்' என்று பொருள், லத்தீனில் 'சூப்பர்'. நாம் நாள் முழுவதும் சொல்லும் அதே சூப்பர்தான். பில்லில் போடும் சர்சார்ஜ் மேல்கட்டணம். நிலத்துக்கு எண் கொடுக்கும் சர்வே, மேலாகப் பார்ப்பது. சர்நேம், மேற்பெயர். இட்ட பெயருக்கு மேல் கூடுதலாக ஒட்டிக்கொள்ளும் பெயர், அவ்வளவே.

இந்தப் பொருள் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். கிவன் நேம் என்பது உங்களுக்கு வீட்டில் இட்ட பெயர். சர்நேம் கட்டத்தில் சாதிப் பெயர்தான் வர வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. குடும்பப் பெயர் தலைமுறைகளாக ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை. அப்பா பெயரோ அம்மா பெயரோ அங்கே வரலாம். இந்தியப் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடவும் அனுமதி உண்டு. அனுமதி இருக்கிறதே என்று காலியாக விடாதீர்கள் என்பதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இனிஷியல் என்ற சொல் லத்தீனில் 'தொடக்கம்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலேயருக்கு அது எந்தப் பெயரின் முதல் எழுத்தாகவும் இருக்கலாம். நமக்கு மட்டும் அது அப்பா. 'உங்க இனிஷியல் என்ன?' என்று தமிழ்நாட்டில் கேட்டால் அப்பாவின் பெயரைத்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டுப் படிவத்தில் அதே சொல்லைப் பார்த்தால் உங்கள் பெயர், சர்நேம் இரண்டின் முதல் எழுத்துகளையும் போடச் சொல்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தின் ஒவ்வொரு பக்க அடியிலும் 'இனிஷியல்' போடச் சொன்னார்கள். நான் பன்னிரண்டு பக்கத்திலும் 'கே' என்று போட்டுக் கொடுத்தேன்.

2. ஒரு வெள்ளைத்தாளில் பெயரை எழுதி முடிவெடுங்கள்

எந்த இணையதளத்தையும் திறப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். தாளில் இரண்டு கட்டம் போடுங்கள். இட்ட பெயர் ஒன்றில், மேற்பெயர் இன்னொன்றில். கு. சரவணன் என்றால் 'சரவணன்', 'குப்புசாமி'. இரண்டு இனிஷியல் உள்ளவர்கள் ஊர்ப் பெயரைச் சர்நேமாக வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வைக்கலாம். ஆனால் ஊர்ப் பெயர் உங்கள் மற்ற ஆவணங்களில் முழுதாக எழுதப்பட்டிருப்பது அரிது. அப்பா பெயருக்கு ஆதாரம் காட்டுவது எளிது.

ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்யுங்கள். குப்புசாமியில் 'சாமி'யா, 'ஸ்வாமி'யா? கடைசி எழுத்து ஒய்யா, ஐயா? என் அப்பாவின் ஆதாரில் ஒன்று, என் பான் அட்டையில் அப்பா பெயராக வேறொன்று, வீட்டுப் பத்திரத்தில் மூன்றாவது. அப்பாவின் ஆதாரில் உள்ளதையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதிலேயே பிழை இருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

விண்ணப்பம் நிரப்பித் தரும் கடைகளில் 'சர்நேம்னா சாதிப் பெயர்தானே, போட்டுவிடவா?' என்று சாதாரணமாகக் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் பெயரோடு இல்லாத ஒரு சொல்லைப் பாஸ்போர்ட்டில் புதிதாக ஒட்டினால் ஆவணம் பொருந்தாது என்பது நடைமுறைக் காரணம். மற்ற காரணங்களை நான் சொல்லத் தேவையில்லை.

திருமணமான பெண்களுக்கு ஒரு சொல். கல்யாணம் ஆனதும் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டும் என்று உறவினர்கள் நெருக்குவார்கள். பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம் இல்லை. உங்கள் சர்நேமாக அப்பா பெயரே தொடரலாம். கணவர் பெயரைத் துணைவர் பெயராகச் சேர்த்துக்கொள்ளலாம். பட்டச் சான்றிதழ் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் இருந்து, வேலை விசாவுக்கு அலைந்த தோழிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை ஏற்றுக்கொண்டுதான் இந்த முடிவை எடுக்க வேண்டும்: வெளிநாட்டில் உங்களை அப்பா பெயரால்தான் அழைப்பார்கள். ஆறு மாதத்தில் பழகிவிடும். அப்பாவிடம் சொன்னபோது அவர் மட்டும் ரொம்பச் சந்தோஷப்பட்டார்.

3. ஆதாரில் தொடங்குங்கள்

நான் நேராகப் பாஸ்போர்ட்டுக்குப் போனதுதான் தவறு. இனிஷியலை விரித்து எழுதிய பெயரில் ஓர் அடையாள ஆவணமாவது கையில் இல்லாவிட்டால் அங்கே பேச்சே எடுபடாது. ஆதாருக்குப் போனால் 'விரிவான பெயருள்ள ஆவணம் எங்கே?' என்கிறார்கள். பாஸ்போர்ட்டுக்குப் போனால் ஆதாரைக் கேட்கிறார்கள். இந்தச் சுழலிலிருந்து வெளியேற ஒரு வாசல் உண்டு. ஆதார் ஆணையமே ஒரு சான்றிதழ் படிவம் வைத்திருக்கிறது. அதில் உங்கள் முழுப்பெயரை எழுதி, புகைப்படம் ஒட்டி, கெஜட்டட் அதிகாரி, எம்.எல்.ஏ., நகராட்சிக் கவுன்சிலர் போன்றவர்களில் ஒருவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். முத்திரை பாதி புகைப்படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழ வேண்டும். என்னுடையது முழுக்கத் தாளிலேயே விழுந்திருந்ததால் மையத்தில் திருப்பி அனுப்பினார்கள். படிவம் 3 மாதமே செல்லும்.

ஆதாரில் பெயரை வாழ்நாளில் 2 முறை மட்டுமே மாற்றலாம். ஆகவே பதிவாளர் தட்டச்சு செய்ததும் திரையில் எழுத்தெழுத்தாகப் படித்துப் பாருங்கள்; பின்னால் வரிசை நீண்டிருந்தாலும் கவலைப்படாதீர்கள். பெயர் போன்ற விவரத் திருத்தத்துக்கு 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய். முன்பு 50.

அடுத்தது பான். அங்கேயும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள்; விரித்தே எழுத வேண்டும். அச்சிட்ட அட்டை இந்திய முகவரிக்கு வர 107 ரூபாய். எனக்கு இரண்டு வாரத்தில் வந்தது. ஆதாருக்கும் பானுக்கும் ஓர் எழுத்து வேறுபட்டாலும் இணைப்பில் சிக்கும். வாக்காளர் அட்டைத் திருத்தம் இலவசம், படிவம் 8. அதைப் பிறகு செய்தாலும் போதும்.

4. பாஸ்போர்ட்: இங்கேதான் கவனம்

முதலில் சரியான இணையதளத்தில் இருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளத்தைப் போலவே தோற்றம் கொண்ட போலித் தளங்கள் பல உள்ளன. கூடுதல் பணம் கறந்துவிடும். முகவரி அரசுத் தளங்களுக்குரிய 'ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிய வேண்டும்.

பழைய பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் இருந்தால், 'மறு வெளியீடு' பிரிவில் 'ஏற்கெனவே உள்ள சொந்த விவரங்களில் மாற்றம்' என்ற காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2000. தட்கல் என்றால் மேலும் 2000. பெயரே அடியோடு மாறுகிறது என்றால் தட்கலை நம்பியிருக்காதீர்கள். பெரிய பெயர் மாற்றம் அதில் வராது.

படிவத்தில் நம்மவர்கள் விழும் குழி இது: உங்கள் பெயருக்கு இரண்டு கட்டம் இருப்பதுபோல, அப்பா பெயருக்கும் கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டம் உண்டு. உங்கள் சர்நேம் குப்புசாமிதானே என்று அப்பாவின் சர்நேமிலும் அதையே போட்டால் அவர் 'குப்புசாமி குப்புசாமி' ஆகிவிடுவார். சிரிக்காதீர்கள், என் தம்பியின் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அப்பாவின் கிவன் நேம் குப்புசாமி. சர்நேமில் தாத்தா பெயர், அதுவும் அப்பாவின் ஆவணங்களில் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

'உங்களுக்கு வேறு பெயர்கள் உண்டா?' என்ற கேள்வியைப் பார்த்ததும் மதிப்பெண் பட்டியலில் 'சரவணன் கே' என்று இருக்கிறதே என்று பயந்து 'ஆம்' போடத் தோன்றும். நான் 'இல்லை' என்றே குறித்தேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

என்னென்ன ஆவணம் வேண்டும் என்பதற்கு அந்தத் தளத்திலேயே ஆவண ஆலோசனைப் பக்கம் இருக்கிறது. உங்கள் காரணத்தைத் தேர்ந்தெடுத்து, வரும் பட்டியலை அச்சிட்டுக்கொள்ளுங்கள். என்னிடம் வாங்கியவை: பழைய பாஸ்போர்ட், புதிய ஆதார், பான், அப்பாவின் ஆதார் நகல், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், வெள்ளைத்தாளில் எழுதிய உறுதிமொழி. ஒற்றைப் பெயரோடு அப்பா பெயரைச் சேர்ப்பதை என் வழக்கில் சிறு மாற்றமாக எடுத்துக்கொண்டார்கள். பழைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது பெரிய உதவி.

முன்பதிவு நாள் உங்களுக்குச் சரிப்படவில்லை என்றால் ஓராண்டுக்குள் 3 முறை மாற்றலாம். மையத்துக்குள் ஏ, பி, சி என்று மூன்று கவுன்டர். ஏ கவுன்டரில் புகைப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். அங்கே உங்கள் பக்கம் திரும்பிய திரை ஒன்று இருக்கும். சர்நேம், கிவன் நேம் இரண்டும் அந்தந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றனவா, எழுத்துப் பிழை உண்டா என்று அங்கேயே பாருங்கள். பி கவுன்டருக்குப் போன பிறகு திருத்தம் கேட்டால் மறுபடி ஏ வரிசைதான். சந்தேகம் இருந்தால் வீட்டிலிருந்தே 1800-258-1800 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குக் காவல்துறை விசாரணை மீண்டும் நடந்தது. வந்த காவலர் பக்கத்து வீட்டில் 'சரவணன் குப்புசாமி யார்?' என்று கேட்க, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

5. அரசிதழ் எப்போது தேவை?

இனிஷியலை விரிப்பதற்கு எனக்கு அரசிதழ் தேவைப்படவில்லை. பெயரையே மாற்றினால், அல்லது ஆவணங்களில் அப்பா பெயரே வேறாக இருந்தால் தேவைப்படும். தமிழ்நாட்டில் எழுதுபொருள் அச்சுத் துறை பெயர் மாற்ற விளம்பரங்களை வெளியிடுகிறது. கட்டணம் சில நூறு ரூபாய்தான். விண்ணப்பிக்கும் நாளில் துறையின் தளத்தில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். இடைத்தரகர்கள் ஐந்தாயிரம் வரை கேட்கிறார்கள். அவர்கள் செய்வது படிவம் நிரப்புவது மட்டும்.

பெரிய பெயர் மாற்றத்துக்குப் பாஸ்போர்ட் அலுவலகம் இரண்டு நாளிதழ்களில் விளம்பரமும் கேட்கும். நறுக்கி ஒட்டிய துண்டு போதாது; நாளிதழின் பெயரும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் பத்திரப்படுத்துங்கள். பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைத்தாள் இப்போது பழைய 20 ரூபாய் அல்ல. நோட்டரியிடம் உட்காரும் முன்பே மொத்தம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

6. விசா, டிக்கெட்

கையில் செல்லுபடியாகும் விசா இருந்தால், பெயரைத் தொடுவதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத்தின் விதியைப் படியுங்கள். பழைய பெயரில் விசா, புதிய பெயரில் பாஸ்போர்ட் என்று நின்றால் புதிய விசாவுக்கே செலவு செய்ய நேரலாம். எனக்கு நேர்ந்தது.

ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. சில நாட்களில், பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் வந்தது. இடைப்பட்ட நாட்களில் தவித்தவர்களில் தமிழர்களும் உண்டு. துபாய் போக எண்ணம் இருப்பவர்கள் அந்த விளக்கத்தை நம்பிக் காலம் தள்ளாமல் பாஸ்போர்ட்டைச் சரிசெய்வதே நல்லது.

விமான டிக்கெட் எடுக்கும்போது கடைசிப் பெயர் கட்டத்தில் 'கே' என்று ஒற்றை எழுத்தைப் போடாதீர்கள். பல தளங்கள் ஏற்காது, ஏற்றாலும் பாஸ்போர்ட்டோடு பொருந்தாது. சர்நேம் இன்னும் காலியாக இருப்பவர்கள் என்ன செய்வது என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: ஒன்று அதே பெயரை இரு கட்டத்திலும் எழுதச் சொல்லும், இன்னொன்று வேறு குறியீடு கேட்கும். பணம் கட்டும் முன் கேளுங்கள். கட்டிய பின் பெயர் திருத்தம் டிக்கெட் விலைக்கே வந்து நிற்கும். மலேசியத் தமிழர்களுக்கு வேறு தலைவலி. அவர்கள் ஆவணங்களில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் இடையே 'மகன்', 'மகள்' என்பதற்கான மலாய்ச் சுருக்கமும் ஒரு சாய்கோடும் இருக்கும். டிக்கெட் தளங்கள் சாய்கோட்டை விழுங்கி, எழுத்துகளைப் பெயரோடு ஒட்டிவிடும்.

அமெரிக்க விசா படிவத்தில் 'தாய்மொழி எழுத்தில் முழுப்பெயர்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அத்தனை பக்கங்களில் அங்கே மட்டும் தமிழில் எழுதினேன்.

7. பட்டச் சான்றிதழ்களை விட்டுவிடுங்கள்

பள்ளி, கல்லூரிச் சான்றிதழ்களில் 'சரவணன் கே' என்று இருப்பதையும் மாற்ற வேண்டுமா என்று பலர் தவிக்கிறார்கள். நான் மாற்றவில்லை. இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்க நகலோடு சேர்த்துக் கொடுத்தேன். இதுவரை மூன்று இடங்களில் ஏற்றுக்கொண்டார்கள். அதன் மூலப் பிரதிகளாக நான்கைந்து எடுத்து வையுங்கள்.

8. குழந்தை பிறந்தால் அப்போதே

பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரை ஓராண்டுக்குள் சேர்த்தால் கட்டணம் இல்லை. அதன் பிறகு தாமதக் கட்டணம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே ஏற்கிறார்கள். ஆக அதில் எழுதும் பெயர்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. சிறுவர் பாஸ்போர்ட்டுக்கு 1000 ரூபாய்.

எங்கள் மகளுக்கு என் பெயரைச் சர்நேமாக வைத்தோம். இப்போது வீட்டில் மூன்று பேருக்கு மூன்று சர்நேம்: நான் குப்புசாமி, மனைவி அவள் அப்பா பெயர், மகள் சரவணன். மனைவியும் மகளும் தனியாகப் பயணம் போனபோது குடியேற்ற அதிகாரி இருவர் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்து, குழந்தை யாருடையது என்று கேட்டார். அதன் பிறகு பிறப்புச் சான்றிதழின் ஆங்கிலப் பிரதியும் என் ஒப்புதல் கடிதமும் அவள் கைப்பையிலேயே இருக்கின்றன. பெட்டியில் வைத்தால் அது சரக்கோடு போய்விடும்.